பின்சீட்டுக்கும் பெல்ட் உண்டு

பண்டிகை விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய இரவும், விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பும் இரவும் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் எங்களுக்குப் பதற்றமான நேரங்கள். அந்த இரண்டு இரவுகளிலும் சாலை விபத்தில் அடிபட்டு வருபவர்கள் தனியாளாக வருவதில்லை, குடும்பமாக வருகிறார்கள். புதுத்துணியோடு வருகிறார்கள். அவர்களில் யாருக்கு அடி பலம் என்று பார்த்தால், பல நேரம் அது வண்டியை ஓட்டியவர் அல்ல. பின்சீட்டில் இருந்த பாட்டி, அம்மாவின் மடியில் இருந்த கைக்குழந்தை, இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே நின்றுகொண்டு வேடிக்கை பார்த்து வந்த சிறுவன். முன்னால் இருந்த இருவரும் பெல்ட் போட்டிருப்பார்கள். பின்னால் ஒருவரும் போட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "நாங்க பின்னாடிதானே டாக்டர் உட்கார்ந்திருந்தோம்."

பின்சீட்டு பாதுகாப்பானது என்ற இந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு மரத்தில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் இது ஒரு வேகமே இல்லை. கார் ஏறக்குறைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடும். ஆனால் உள்ளே பெல்ட் இல்லாமல் இருப்பவர் நிற்க மாட்டார். ஏதாவது ஒன்று தடுக்கும்வரை அவர் அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுகிறவர் தரையைத் தொடும் வேகம் அது. பின்சீட்டில் இருப்பவரைத் தடுப்பது எது? முன்சீட்டின் முதுகு. அல்லது அதில் இருப்பவரின் தலை.

பின்னால் இருப்பவர் பெல்ட் போடாதது அவரோடு முடிவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஜப்பானில் நடந்த கார் விபத்துகளின் பதிவுகளை வைத்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியானது. முன்சீட்டில் முறையாக பெல்ட் போட்டிருந்தவர்கள்கூட, பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடாதபோது இறக்கும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று அது கண்டது. பின்னால் இருந்தவரின் உடல் எடை அப்படியே முன்சீட்டின் மேல் வந்து மோதுகிறது. வண்டி ஓட்டும் மகனைப் பத்திரமாகப் போகச் சொல்கிற அம்மா, தானும் பெல்ட் போட்டுக்கொண்டால்தான் அந்தச் சொல்லுக்குப் பலன் உண்டு.

கணிதமேதை ஜான் நாஷ் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். 2015 மே மாதம் நார்வேயில் ஆபெல் பரிசு வாங்கிக்கொண்டு மனைவி அலிசியாவுடன் அமெரிக்கா திரும்பினார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு டாக்சியில் போகும்போது விபத்து. பின்சீட்டில் இருந்த இருவரும் வண்டிக்கு வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார்கள். அவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றே தெரிகிறது எனக் காவல்துறை சொன்னது. ஓட்டுநர் காயங்களோடு பிழைத்தார்.

இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன்பு விமானிகள் தப்பிக்க வெளியே எறியப்படும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். அவருடைய பெல்ட்டின் அருமை அது உடம்பில் எந்த இடத்தில் படிகிறது என்பதில் இருக்கிறது. கீழ்ப்பட்டை இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல், மேல்பட்டை காறை எலும்பின் மேலும் மார்புக்கூட்டின் மேலும். உடம்பில் அடி தாங்கக்கூடிய எலும்புகள் இவை. அதனால்தான் பெல்ட் வயிற்றின் மேல் ஏறியிருந்தாலோ, மேல்பட்டையை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொண்டாலோ நாங்கள் கவலைப்படுகிறோம். இடுப்பெலும்பு தாங்க வேண்டிய விசையை அப்போது குடலும் கல்லீரலும் தாங்க வேண்டி வரும். கர்ப்பிணிகளுக்கும் இதுவேதான்: கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையை ஒட்டி; மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே, வயிற்றுக்குப் பக்கவாட்டில். "குழந்தையை அழுத்துமே" என்று பயந்து பெல்ட்டைக் கழற்றிவிடுவதுதான் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து.

அப்புறம் மடிக்குழந்தை. இதை எழுதும்போது எனக்கு மனசு கனக்கிறது, ஏனென்றால் இங்கே தவறு செய்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. குழந்தையை எவ்வளவு இறுக்கி அணைத்திருந்தேன் என்று கைகளைக் காட்டிக் காட்டிச் சொன்ன அப்பாவைப் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை, இறுக்கித்தான் அணைத்திருந்தார். ஆனால் கணக்கு வேறு. மேலே சொன்ன அதே 50 கிலோமீட்டர் மோதலில் 10 கிலோ குழந்தை, அந்தக் கணத்தில் 140 கிலோ எடைபோல முன்னால் இழுக்கும். வண்டி இன்னும் சட்டென்று நின்றால் அதைவிடவும் அதிகம். எந்த மனிதக் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. தூக்கி வைத்திருப்பவரும் பெல்ட் போடாமல் இருந்தால், அவருடைய முழு எடையும் குழந்தையின் மேல் விழும். ஒரே பெல்ட்டைத் தனக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போடுவது இதைவிட மோசம். பெரியவரின் உடலுக்கும் பட்டைக்கும் இடையில் குழந்தை நசுங்கும்.

சிறு குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும், அது காரின் பின்புறத்தைப் பார்த்தபடி பொருத்தியிருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் உயரத்தில் கால் பங்கு தலைதான். கழுத்துத் தசை இன்னும் வலுவாகவில்லை. முன்னோக்கி உட்கார்ந்திருந்தால் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், கழுத்துத் தண்டுவடம் இழுபடும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கை சேர்த்துத் தாங்கும். அந்த இருக்கையில் எழுதியிருக்கும் எடை, உயர வரம்பு தாண்டும்வரை பின்னோக்கியே வைத்திருங்கள். கால் மடங்குகிறதே என்று அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம். ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் இந்த இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும் அந்தப் பை, குழந்தையின் தலைக்குப் பின்னாலிருக்கும் இருக்கையை அப்படியே அடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கைகள், குழந்தை இருக்கை கைக்குழந்தைகளின் மரணத்தை 70 சதவீத அளவுக்குக் குறைக்க முடியும் என்கின்றன. என் துறையில் அந்த அளவுக்குப் பலன் தரும் மருந்துகள் அதிகம் இல்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு உயரம் கூட்டும் இருக்கை வேண்டும். பெரியவர்களின் பெல்ட் எப்போது பொருந்தும் என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். பிள்ளையின் முதுகு சீட்டில் முழுக்கச் சாய்ந்திருக்க வேண்டும், முழங்கால் சீட்டின் விளிம்பில் மடங்கிக் கால் கீழே தொங்க வேண்டும், கீழ்ப்பட்டை இடுப்பெலும்பில் படிய வேண்டும், மேல்பட்டை கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போக வேண்டும். பெரும்பாலும் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்போதுதான் இதெல்லாம் சரியாக அமைகிறது. வயதைப் பார்க்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள்.

சரி, இதெல்லாம் தெரிந்த குடும்பங்களும் ஏன் சிக்குகின்றன? என் அனுபவத்தில் இரண்டு இடங்களில் பிடி தளர்கிறது. ஒன்று, போய்ச் சேர்ந்த பிறகு. நெடுந்தூரம் பெல்ட்டோடு ஒழுங்காக வந்தவர்கள், உறவினர் வீட்டுக்கு வந்ததும் அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லோரையும் ஒரே காரில் அடைத்துக்கொண்டு "இதோ பக்கத்துலதான்" என்று கிளம்புவார்கள். ஐந்து பேர் வண்டியில் ஒன்பது பேர். பக்கத்துத் தெருவிலும் அந்த 50 கிலோமீட்டர் வேகம் வரும். இரண்டு தடவையாகப் போய் வாருங்கள், கால் மணி நேரம்தான் கூடுதலாகும்.

இன்னொன்று, பெரியவர்களின் மனசு. குழந்தையைத் தனி இருக்கையில் கட்டி வைத்தால் பாட்டிக்கு முகம் வாடிவிடும். "அழுறான் பாரு, எங்கிட்ட குடு, நான் பிடிச்சுக்கறேன்" என்பார். அந்த இடத்தில் பாட்டிக்கு இயற்பியல் வகுப்பு எடுக்காதீர்கள். "நீங்க அவன் பக்கத்துல உட்காருங்கம்மா, கையைப் பிடிச்சுக்கிட்டு கதை சொல்லிட்டே வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டிக்கும் பெல்ட் போட்டுவிடுங்கள். குழந்தை விடாமல் அழுதால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தூக்குங்கள், ஓடும் வண்டியில் வேண்டாம்.

ஓட்டுபவரின் தூக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை நாள் முழுக்க உழைத்துவிட்டு, மூட்டை கட்டிவிட்டு, கூட்டம் இருக்காது என்று நள்ளிரவில் கிளம்புகிறவர் அவர். திரும்பும்போது, உறவுகளோடு இரவெல்லாம் பேசிவிட்டு விடிகாலையில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவரும் அவரே. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1990-களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. ஒரு முழு நாள் தூங்காவிட்டால் அது 0.10 சதவீத அளவு. கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் தூங்கிவிடும், அவருக்கே தெரியாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி என்றால் வண்டி 110 மீட்டருக்கு மேல் தானாக ஓடியிருக்கும். பிரேக் போட்ட தடமே இல்லாத விபத்துகள் பெரும்பாலும் இப்படித்தான் நேர்கின்றன. அதிகாலை 2 முதல் 6 மணி வரையும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 2 முதல் 4 மணி வரையும் உடம்பே தூக்கத்தைக் கேட்கும் நேரங்கள். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்ய எடுத்துக்கொள்ளும் நேரமும் ஏறக்குறைய அதுதான், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். அதற்குப் பிறகும் கண் சொக்கினால் வேறொருவர் ஓட்டட்டும், அல்லது அன்றைக்குப் பயணம் வேண்டாம். சளிக்கும் அலர்ஜிக்கும் வாந்திக்கும் எடுக்கும் மாத்திரைகளில் பல தூக்கம் தருபவை. ஓட்டுபவர் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க இடம் கொடுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. கனமான பெட்டிகள் டிக்கியில் போகட்டும், பின்கண்ணாடி ஓரத்தில் வைத்தால் மோதலில் அவையும் பறக்கும்.

கூட்டம் நிறைந்த வீட்டில் நடக்கும் இன்னொரு விபரீதம், வண்டிக்குள் தூங்கிப்போன குழந்தையை யாரும் இறக்காமல் விடுவது. அம்மா நினைப்பார் அத்தை தூக்கிப் போனாள் என்று, அத்தை நினைப்பார் தாத்தா தூக்கினார் என்று. வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் 15 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு ஏறும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும். குழந்தையை இறக்கும் பொறுப்பு யாருடையது என்று பயணம் தொடங்கும்போதே ஒருவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் விபத்து நேர்ந்துவிட்டால்? உணர்வில்லாதவரையோ, கழுத்து வலி என்பவரையோ இழுத்து வெளியே எடுக்காதீர்கள். தீப்பிடிக்கும் அபாயமோ, அடுத்த வண்டி வந்து மோதும் அபாயமோ இருந்தால் மட்டும் எடுக்கலாம். ஆம்புலன்ஸ் வரட்டும். நடந்து வந்துவிட்டோமே என்று வீட்டுக்குக் கிளம்பிவிடவும் வேண்டாம். வயிற்றின் குறுக்கே பெல்ட் பட்ட கன்றல் இருந்தால், வலி குறைவாக இருந்தாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். குடலில் ஏற்பட்ட கிழிசல் சில மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும். கர்ப்பிணிக்கு எந்த அடியும் தெரியாவிட்டாலும் சிசுவின் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடும் தாத்தா தலையில் லேசாக இடித்துக்கொண்டார் என்றால், அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே கூட்டி வாருங்கள், மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.