துருவுக்கு அடியில் இருக்கும் குனோங்

பிலிப்பைன்ஸின் தெற்கே, மிண்டனாவோவிலும் சூலு தீவுகளிலும் மாரனாவோ, மகிந்தனாவோ, தவுசுக் மக்கள் இடுப்பில் செருகிக்கொண்ட சிறு குத்துவாள் குனோங். தென்கிழக்காசியாவின் கிரிஸ் வாளின் குட்டி எனலாம். இருபுறமும் கூர், அலகு நேராகவும் இருக்கும், பாம்புபோல நெளிந்தும் இருக்கும். துருவேறிய குனோங் கைக்கு வந்தால் பலரும் முதலில் தேடுவது உப்புத்தாளை. அது வேண்டாம். வயதைக் காட்டும் தடயங்கள் பலவும் அலகின் மேற்பரப்பிலேயே இருக்கின்றன, தேய்த்தால் போய்விடும்.

கைப்பிடியை ஒட்டி அலகு அகலும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய கிரிஸ்களில் கங்யா எனப்படும் அந்த அடிப்பகுதி தனித் துண்டு. 20ஆம் நூற்றாண்டில் முழு அலகையும் ஒரே துண்டாக அடித்து, கோட்டை மட்டும் செதுக்கிவிடும் வழக்கம் பரவியது. பழைய குனோங் சிலவற்றிலும் தனிக் கங்யா உண்டு. செதுக்கிய கோட்டில் ஊசிமுனை உடனே அடியைத் தொடும். உண்மையான இணைப்பில் துரு உள்ளே இறங்கியிருக்கும். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உலோகத் தடுப்பு இருந்தால் பெரும்பாலும் பிற்காலத்துப் பொருள். பிடியிலுள்ள வெள்ளைப் பட்டையில் காந்தம் ஒட்டாவிட்டாலும் அது வெள்ளி என்று சொல்லிவிட முடியாது, ஜெர்மன் சில்வராகவும் இருக்கலாம். பெயரில் மட்டும்தான் வெள்ளி. உள்ளே இருப்பவை செம்பு, நிக்கல், துத்தநாகம்.

இனி துரு. செந்துரு பஞ்சுபோன்றது, ஈரத்தைப் பிடித்துவைத்து மேலும் அரிக்கும். கருந்துரு (மேக்னடைட்) அடர்த்தியாக இரும்போடு ஒட்டியிருக்கும், அதை விட்டுவிடலாம். மெல்லிய மெஷின் ஆயிலில் நனைத்த துணியை அலகில் சுற்றி 2, 3 நாள் வையுங்கள். இளகிய துருவைப் பித்தளைத் துண்டாலோ மூங்கில் சீவலாலோ சுரண்டுங்கள். இரண்டும் எஃகைவிட மென்மையானவை, கீறல் விழாது. பிறகு எண்ணெயோடு 0000 ரக ஸ்டீல் வுல்லால் (மிக மெல்லிய எஃகுப் பஞ்சு) நீளவாக்கில் தேய்க்க வேண்டும். துணியில் சிவப்பு வராதபோது நிறுத்துங்கள்.

இரவு முழுக்க வினிகரில் ஊறப்போடுவதுதான் அதிகம் கெடுக்கிறது. அமிலம் துருவைத் தின்றதோடு நிற்காமல் இரும்பையும் தின்று குழிகளை ஆழமாக்கும். பிடிக்குள் புகுந்தால் கழுவி எடுக்கவே முடியாது. உள்ளே காம்பு (பிடிக்குள் செருகிய அலகின் வால்) துருவேறிப் பருத்து, கொம்புப் பிடியைப் பிளந்துவிடும். கொதிநீரில் கழுவுவதும் வேண்டாம், காம்பு பிசினால் ஒட்டப்பட்டிருந்தால் அந்தப் பிசின் இளகிவிடும்.

ஆனால் அடுக்கடுக்காக அடித்த அலகு என்று சந்தேகம் வந்தால், அதே வினிகரை அளவாகப் பயன்படுத்தலாம். பிடியை பிளாஸ்டிக்கில் சுற்றி முனையைக் கீழே பிடியுங்கள். அசிட்டோனால் எண்ணெயை நீக்கி, வெதுவெதுப்பான 5% வினிகரைப் பஞ்சால் 5 முதல் 10 நிமிடம் விடாமல் தடவுங்கள். கரி மிகுந்த எஃகு கறுக்கும், மென்னிரும்பு வெளிர்சாம்பலாக நிற்கும், வரிகள் எழும். கழுவி, ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து துடைத்து, மீண்டும் நல்ல நீரால் துடைத்து, ஹேர் டிரையரால் உடனே உலர்த்துங்கள். தாமதித்தால் வெற்று இரும்பில் நிமிடங்களில் செம்மை படரும்.

கடைசியில் மினரல் ஆயில் மெல்லிய பூச்சாகப் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும். மர உறை ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டவைக்கும். வாளை அதற்குள் செருகாமல் பக்கத்திலேயே தனியாக வையுங்கள்.