ஈக்விட்டி: சமபங்கு அல்ல, சமநீதி

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் 'பன்முகத்தன்மை, சமபங்கு, உள்ளடக்கம்' என்று மூன்று சொற்கள் இப்போது வரிசையாக வந்து நிற்கின்றன. டைவர்சிட்டி, ஈக்விட்டி, இன்க்ளூஷன் என்பவற்றின் தமிழாம். முதல் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதை இனியும் விட முடியாது.

ஈக்விட்டியின் வேர் லத்தீன். மேடுபள்ளம் இல்லாதது, நியாயமானது என்று பொருள். சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டால் அநியாயம் நேரும் இடங்களில், இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் வழங்கிய பரிகாரத்துக்கு இந்தப் பெயர் வந்தது. அடமானம் வைத்தவர் கெடு தவறினாலும் கடனைக் கட்டிச் சொத்தை மீட்கலாம் என்ற உரிமை அங்கே பிறந்ததுதான். கடன் போகச் சொத்தில் மிஞ்சும் மதிப்பு, பிறகு கம்பெனிப் பங்கு என்று அந்த வழியாகச் சொல் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

'சமபங்கு' இந்தக் கடைசிப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு வந்த சொல். பங்குச்சந்தைச் செய்தியில் இருந்துவிட்டுப் போகட்டும். தொண்டு நிறுவன அறிக்கையில் அதற்கு என்ன வேலை? 2013 கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவான தொண்டு நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகையே கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் 'சமபங்கு எங்கள் கொள்கை' என்று எழுதினால், படிப்பவர் என்ன நினைப்பார்? வருகிற நன்கொடையை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள் என்றுதானே!

இதைவிடப் பெரிய கேடு, ஆளுக்கு ஒரே அளவு கொடுத்தால் வேலை முடிந்தது என்று அந்தச் சொல் நம்பவைப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினக் கரையில் உதவி பெரும்பாலும் படகு, வலை இழப்பைக் கணக்கில் வைத்தே நகர்ந்தது. படகு இல்லாத மீன்காரப் பெண்களும், கூலிக்குப் போகும் தலித் குடும்பங்களும் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். பட்டியலில் இருந்தவர்களுக்குச் சமமாகவே பங்கிட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், பட்டியலையே படகை வைத்துத்தானே போட்டார்கள்? அதைப் போட்ட மேசையில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும்: யாருடைய படகு போனது என்பதல்ல, யாருடைய பிழைப்பு போனது என்பது. ஈக்விட்டி கேட்பது அந்தக் கேள்வியைத்தான். அளந்து கொடுப்பது அதற்குப் பிறகு வருவது.

சரி, வேறு என்ன சொல்லலாம்? 'சமத்துவம்' ஈக்வாலிட்டிக்குப் போய்விட்டது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இரண்டும் வேறு என்று விளக்கவே முடியாது. 'நிகர்நிலை'யைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. தனித்தமிழ் நண்பர்கள் 'ஒப்புரவு' என்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் குறளில் அது 'ஊருணி நீர்நிறைந் தற்றே' என்று செல்வம் உள்ளவனின் ஈகைக் குணத்தைப் பேசுகிறது. கொடுப்பவரின் பெருமையைத் தள்ளிவைத்துவிட்டுப் பெறுபவரின் உரிமையைப் பேச வந்த கருத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. போதாததற்கு, கத்தோலிக்கத் தமிழில் ஒப்புரவு என்றால் பாவமன்னிப்பு அருட்சாதனம்.

என் தேர்வு 'சமநீதி'. இரண்டு பாதியும் வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சமூகநீதி என்ற சொல்லைத் தெருமுனைக் கூட்டத்திலேயே கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'நீதி' என்றதும் இது தயவு இல்லை, உரிமை என்று புரிந்துவிடும். அந்தத் தெளிவை விட்டுக்கொடுத்து வாங்கும் தூய்மை எனக்கு வேண்டாம்.

மூன்றாவது சொல்லையும் சும்மா விட மனம் வரவில்லை. உள்ளடக்கம் என்பது புத்தகத்துக்குள் இருப்பது. மனிதர்களை யாரும் உள்ளடக்க வேண்டாம், அடக்கியது போதும். 'எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுதல்' என்று நீட்டியே எழுதலாம், குடி முழுகிவிடாது. நீளமாக இருக்கிறது, சுவரொட்டியில் அடங்காது என்கிறார்கள். ஆங்கில வாசகத்துக்கு மாதக்கணக்கில் கூட்டம் போடுகிறவர்கள், தமிழை அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் மாலை ஒருவர் தலையில் கட்டுகிறார்கள். அவரும் கணினி தருவதை அப்படியே ஒட்டிக் கொடுத்துவிடுகிறார். அந்த அறிக்கை யாரைப் பற்றியதோ, அவர்களுக்குத் தெரிந்த ஒரே மொழி தமிழ். அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த வரிக்கு என்ன பொருள் என்று அச்சுக்கு முன்னால் கேட்டுப் பாருங்கள்.