ஒலிபரப்பு

ஓரிடத்தில் எழும் ஒலியை வானலை வழியாக ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் கேட்கும்படி அனுப்புவதே ஒலிபரப்பு. கருவியையும் நிலையத்தையும் குறிப்பது வானொலி. அங்கு நடைபெறும் செயலைக் குறிப்பது ஒலிபரப்பு. 'பர' என்னும் அடியிலிருந்து பரவுதல் தன்வினையாகவும் பரப்புதல் பிறவினையாகவும் வரும். அவித்த நெல்லை முற்றத்தில் கொட்டிக் காலால் துழாவிப் பரப்புகிறோமே, அந்தப் பரப்புதான் இது.

இதற்கு நேரான 'பிராட்காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் வயற்காட்டிலிருந்து வந்ததே. விதையை வரிசையில் ஊன்றாமல், கையில் அள்ளி நாற்புறமும் வீசி விதைப்பதற்கு அங்கே வழங்கிய சொல் அது. வானொலிக்கு முந்தைய கம்பியில்லாத் தந்தி, பெரும்பாலும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே, இன்னாருக்கு என்று முகவரி வைத்துச் சென்ற செய்தி. 1920களில் யாரென்றே தெரியாத கேட்போரை நோக்கிப் பாட்டும் பேச்சும் புறப்பட்டபோது, வீசி விதைக்கும் சொல் அதற்குப் பொருந்திவிட்டது. தமிழில் 'விதைப்பு' என்று பெயர்க்காமல் 'பரப்பு' என்று கொண்டது நல்லதாயிற்று; விதைப்பு என்றால் முளைத்ததா என்ற கேள்வி உடனே எழும்.

சென்னையில் 1924இல் ஒரு வானொலிக் கழகம் தொடங்கிய இப்பணியை 1930இல் மாநகராட்சி ஏற்று நடத்தியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் அடுத்த ஆண்டில் திருச்சி நிலையமும் வந்தன. கொழும்பில் 1925இலேயே ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. செயலின் பெயரையே நிறுவனத்தின் பெயராக்கி 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்று வழங்கியது இலங்கைத் தமிழ். தமிழ்நாட்டிலோ 'ஆகாசவாணி' வேண்டுமா 'வானொலி' வேண்டுமா என்ற வழக்கே பெரிதாக இருந்தது.

எழுதும்போது நேரும் பிழைகள் இரண்டு. 'ஒலிப்பரப்பு' என்று ஒற்று மிகுத்து எழுதுவது முதலாவது. ஒலியைப் பரப்புவது என விரிவதால் இது இரண்டாம் வேற்றுமைத் தொகை. இங்கு வல்லினம் மிகாது. ஒற்றிட்டால் நிலப்பரப்பு, நீர்ப்பரப்பு போல ஒலியின் விரிந்த இடம் என்று பொருள் திரியும்.

இரண்டாவது பிழை தொலைக்காட்சிக்குப் பிறகு வந்தது. சென்னையில் 1975இலும் இலங்கையில் 1979இலும் தொலைக்காட்சி வந்தபின், லகரத்தை ளகரமாக்கி 'ஒளிபரப்பு' என்ற இணைச்சொல் பெருவழக்காயிற்று. அழகான ஆக்கந்தான், ஆனால் நாக்கை மடிக்கச் சோம்பும் நம் காலத்தில் 'வானொலியில் ஒளிபரப்பான நாடகம்' என்று அச்சிலேயே வந்துவிடுகிறது. காதுக்குரியது ஒலி, கண்ணுக்குரியது ஒளி என்ற அளவில் வேறுபாடு எளிது. இயற்பியல் அறிந்தவர்கள் இதில் குறும்பாக ஒன்று சொல்லக்கூடும்: வானொலிக் கோபுரத்திலிருந்து புறப்படுவது ஒலியே அன்று, ஒளியின் இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலை, அது வீட்டுப் பெட்டிக்குள் வந்த பிறகுதான் மீண்டும் ஒலியாகிறது. ஆயினும் கேட்பவருக்கு எட்டுவது ஒலி என்பதால் சொல்லில் குற்றமில்லை.

இதனோடு சேர்ந்து வழங்கிய மற்றொரு சொல் 'அஞ்சல்'. தில்லியில் வாசிக்கும் தமிழ்ச் செய்தியைச் சென்னையும் திருச்சியும் வாங்கி அப்படியே பரப்பியதை 'அஞ்சல் செய்தல்' என்றார்கள். தபாலோடு இதைக் குழப்ப வேண்டியதில்லை. ஒருவர் கைக்கோலை அடுத்தவர் வாங்கி ஓடும் அஞ்சலோட்டத்தில் உள்ள அஞ்சல் இது.