துணி பேனர் கேட்கிறீர்கள், என்ன துணி என்று கேட்டீர்களா?

போன வருடம் சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் துணிச் சுருள் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு என் பேனர் அச்சடிக்கும் கடைக்கு வந்தார். சொந்தத் தறியில் ஓட்டிய காட்டன். பேத்தி கல்யாணத்துக்கு மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரை அந்தத் துணியிலேயே அடித்துத் தர வேண்டும் என்றார். "ஃபிளெக்ஸ் வேண்டாமுங்க தம்பி. சப்ளிமேஷன்னு சொல்றாங்களே, அது போடுங்க. துணி மட்டும் என்ர துணியா இருக்கோணும்."

காட்டனில் அது பிடிக்காதுங்க என்றேன். "நல்ல துணிதானுங்களே, ஏன் பிடிக்காது?" என்று கேட்டார். வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று, ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பூ அச்சடித்த பேப்பரோடு சேர்த்து, சூட்டில் அழுத்தும் ஹீட் பிரஸ்ஸில் வைத்து எடுத்தேன். நூறு தடவை துவைத்த சட்டை போல மங்கலாக ஒரு பூ வந்தது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கசக்கினோம். பூவில் பாதி தண்ணீரோடு போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் சுருளைக் கட்டிக்கொண்டார். டீ குடித்துவிட்டுத்தான் போனார், அது வேறு விஷயம்.

அவர் மேல் தப்பில்லை. துணி பேனர் என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு விதமான சரக்கை எங்கள் தொழிலில்தான் விற்கிறோம். வாங்குகிறவருக்கு எது எது என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதங்கமாதல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். திடப்பொருள் உருகாமலே நேராக ஆவியாவது. கற்பூர டப்பாவைத் திறந்து வைத்தால் வில்லைகள் இளைத்துப் போகும். அதற்காகவே அம்மாக்கள் உள்ளே நாலு மிளகைப் போட்டு வைப்பார்கள். சப்ளிமேஷன் என்பதும் அந்தச் சங்கதிதான், கற்பூரத்துக்குப் பதில் சாயம். முதலில் படத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவது போல, ஒரு தனி வகைப் பேப்பரில் அச்சடிக்கிறோம். இங்க் தண்ணீரில் கலந்த டிஸ்பர்ஸ் சாயம், பாலியஸ்டருக்குப் போடும் சாய வகை. பேப்பரையும் பாலியஸ்டர் துணியையும் முகத்தோடு முகம் சேர்த்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும், துணியை அழுத்தி ஓட்டும் காலண்டர் மெஷினின் பெரிய உருளையில் சுற்றி விடுகிறோம். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை. அந்தச் சூட்டில் சாயம் ஆவியாகிறது, பாலியஸ்டர் இழையும் நெகிழ்ந்து இடம் கொடுக்கிறது. ஆவி உள்ளே போகிறது. ஆறியதும் இழை இறுகிவிடுகிறது, சாயம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது.

இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஃபிளெக்ஸில் இங்க் மேலே உட்கார்ந்திருக்கிறது. சப்ளிமேஷனில் சாயம் நூலுக்குள் இருக்கிறது. தடவிப் பார்த்தால் அச்சு கையில் தட்டாது, வெறும் துணிதான் தட்டும். மடித்து பையில் திணித்துப் பிரித்தாலும் மடிப்பில் வண்ணம் உதிராது. துவைக்கலாம். பருத்தி இழைக்கு இப்படி நெகிழ்ந்து சாயத்தை வாங்கிப் பூட்டிக்கொள்ளும் குணம் கிடையாது. பெரியவரின் பூ தண்ணீரோடு போனது அதனால்தான். பாதி பாலியஸ்டர், பாதி காட்டன் கலந்த துணியில் பாதிச் சாயம்தான் நிற்கும். படம் பிறந்ததிலிருந்தே பழசாகத் தெரியும்.

பாலியஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தார்கள். சாயத்தைச் சூட்டில் பேப்பரிலிருந்து துணிக்கு ஏற்றும் இந்த வழி 1957இல் நோயல் டி பிளாஸ் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து வந்தது. திருப்பூர்ப் பக்கம் இன்று விளையாட்டு ஜெர்சிகளில் பேரும் நம்பரும் அடிப்பதிலும் இதே முறை உண்டு.

இந்த முறையில் வெள்ளை இங்க் கிடையாது. எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே துணியின் வெள்ளைதான் தெரியும். கருநீலத் துணியைக் கொண்டுவந்து அதில் மஞ்சள் எழுத்து கேட்டால் ஒன்றும் தெரியாது. சாயம் மறைக்காது, மேலும் கருக்கும், அவ்வளவுதான்.

சரி, ஏமாற்று எங்கே நடக்கிறது? துணியின் மேல் ஒரு பூச்சுப் பூசி, அதில் ஃபிளெக்ஸ் அடிக்கிற அதே மாதிரி சால்வென்ட் இங்க்கில் அடித்து, சப்ளிமேஷன் விலைக்குத் தருவது. தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கையில் வாங்கி நகத்தால் சுரண்டுங்கள், நன்றாகக் கசக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது மேல்பூச்சு. வாசனையும் காட்டிக்கொடுக்கும், சால்வென்ட் நெடி இரண்டு நாளானாலும் போகாது. பூச்சுத் துணியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் விழாவுக்கு அது போதும். ஆனால் அந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் அடிபட்டவன் நான். ஐப்பசி மழையில் ஒரு கல்லூரி விழாவுக்கு இருபதடி பேக்டிராப். ராத்திரி பேப்பரில் அடித்துச் சுருட்டி வைத்துவிட்டு, காலையில் அவசரமாக உருளையில் விட்டேன். நீல வானம் முழுக்கத் திட்டுத் திட்டாக, சுவரில் ஓதம் ஏறியது போல வந்தது. பேப்பரும் துணியும் ராத்திரி முழுக்க ஈரத்தைக் குடித்திருக்கின்றன. சூட்டில் அந்த ஈரம் நீராவியாகிச் சாயத்தைத் தன் இஷ்டத்துக்குத் தள்ளியிருக்கிறது. இரண்டாவது தடவை அடித்துக் கொடுத்தேன், லாபம் அதோடு போயிற்று. அதற்கப்புறம் மழைக்காலத்தில் துணியை ஒருமுறை வெறுமனே சூட்டில் ஓட்டி ஈரத்தை எடுக்காமல் வேலையைத் தொடுவதில்லை. வெறும் ஓட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. பாலியஸ்டர் சூட்டில் கொஞ்சம் சுருங்கும். அந்தச் சுருக்கம் அச்சுக்கு முன்பே நடந்துவிட்டால், பத்தடி கேட்டவருக்குப் பத்தடி கிடைக்கும். அலுமினிய ஃபிரேமில் இழுத்து மாட்டும் பேனர் என்றால் ஓர் அங்குலம் குறைந்தாலும் மாட்ட முடியாது.

சூடும் நேரமும் தப்பினால் முதலில் காட்டிக்கொடுப்பது கருப்பு. கருப்பாக வராமல் பழுப்படிக்கும். உருளையில் போகும்போது பேப்பர் ஒரு நூலளவு நகர்ந்தாலும் எழுத்துக்குப் பின்னால் நிழல் விழும். டெலிவரி வாங்கும்போது பெரிய படத்தைப் பார்க்காதீர்கள். கருப்பு எழுத்துகளின் ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். இரட்டையாகத் தெரிகிறதா? திருப்பிக் கொடுக்க அந்தக் காரணம் போதும்.

வாடிக்கையாளர் பக்கத்துத் தப்பு ஒன்றும் உண்டு. பேப்பரில் அடித்து வெளியே வரும்போது படம் வெளிறிப் போய்ச் சோகையாக இருக்கும். பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் பதறிப்போய் "அண்ணே, இன்னும் டார்க் பண்ணுங்க" என்பார்கள். சூடு பட்ட பிறகுதான் சாயத்தின் உண்மையான நிறம் வரும். பேச்சைக் கேட்டு டார்க் பண்ணினால் மாப்பிள்ளை முகம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். செல்போன் திரையில் மின்னும் பச்சை அப்படியே துணியில் வராது, அதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். முக்கியமான வேலை என்றால் ஓரடித் துண்டு மாதிரி கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்கிற கடையில் பெரிய ஆர்டர் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்து வந்து தேய்ந்த படத்தை அனுப்பிவிட்டு முகம் தெளிவாக இல்லை என்று சண்டை போடுவதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கப்புறம் பல பேர் எங்களிடம் கேட்ட கேள்வி, "துணியில போட்டா பிரச்சினை இல்லைதானே?" பிரச்சினை உண்டு. அனுமதி இல்லாமல் ரோட்டில் கட்டினால் துணியும் குற்றம்தான். காற்றுக்குத் துணியும் கப்பல் பாய் போல விரியும், கம்பத்தை இழுக்கும். போதாததற்கு, நம் ஊர் வெயிலில் டிஸ்பர்ஸ் சாயம் தாக்குப்பிடிக்காது. சில மாதத்திலேயே வெளுப்பு கண்ணில் படும். இது மண்டபத்துக்கும் கண்காட்சி அரங்குக்கும் கடைக்குள்ளும் கட்டுகிற சரக்கு. வருடம் முழுக்க வெயிலில் நிற்க வேண்டிய பெயர்ப் பலகைக்கு என்னிடம் சப்ளிமேஷன் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று துணி பேனரில் ஒரு பச்சை இலைப் படம் போட்டு விற்கிறார்கள். கணக்கை நேராகப் போடுவோம். இந்த முறையில் துணியை அலச வேண்டியதில்லை, சாயத் தண்ணீர் வெளியே போவதில்லை. சாயக் கழிவு ஓடிய நொய்யல் ஆற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது சின்ன விஷயமில்லை. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடிக் கிடந்த நாட்களை நாங்கள் மறக்கவில்லை. பிவிசி ஃபிளெக்ஸை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், துணியில் அந்தத் தொல்லை இல்லை. அதுவரை சரி. ஆனால் பாலியஸ்டரும் பிளாஸ்டிக்தான். தண்ணீர் பாட்டிலும் இந்தத் துணியும் பிஇடி என்ற ஒரே பிளாஸ்டிக். மண்ணில் போட்டால் மக்காது. கூடவே, அடித்த துணியின் அளவுக்கு ஒவ்வொரு முறையும் பேப்பர் கழிவு மிஞ்சும். தேசியக் கொடிக்கே 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டர் அனுமதி வந்துவிட்டது. அதற்காக அது பருத்தி ஆகிவிடாது.

அந்தக் கழிவுப் பேப்பர் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். ஒருமுறை பக்கத்து டீக்கடைக்காரர் பஜ்ஜி வைத்துக் கொடுக்க அதைக் கேட்டார். பின்பக்கம் பார்க்க வெள்ளையாக, தடிமனாக, எண்ணெய் உறிஞ்சும் போலத்தான் இருக்கும். அதில் மிச்சச் சாயம் ஒட்டியிருக்கிறது. நான் கொடுக்கவில்லை, அவருக்குக் கோபம். அச்சகக்காரர்கள் யாரும் சாப்பாட்டுக்குப் போகிற கைகளில் அதைக் கொடுக்காதீர்கள். அப்படியே, உருளை ஓடும் அறையில் புகையை வெளியே இழுக்கும் ஃபேன் இல்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள். எட்டு மணி நேரம் அங்கே நிற்கிற பையன் மூச்சுவிடுவதும் அந்தக் காற்றைத்தான்.

பேனரை ஒரே நாளில் குப்பையாக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. தேதியையும் தலைமை விருந்தினர் பெயரையும் பேனரில் அடிக்காதீர்கள். நிறுவனப் பெயர், படம், அலங்காரம் மட்டும் பெரிய துணியில். தேதியும் பெயர்களும் ஓரடி அகலத் தனிப் பட்டையில், வெல்க்ரோ ஒட்டி. அடுத்த வருடம் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். ஒரு பள்ளிக்கூடம் என்னிடம் 2018இல் வாங்கிய ஆண்டு விழாத் துணியை இன்னும் மேடையில் கட்டுகிறது. எனக்கு அதில் ஆர்டர் போனது உண்மைதான். ஆனால் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை அனுப்பிவைத்த ஆட்களிடமிருந்து மற்ற வேலை நிறைய வந்தது.

கடைசியாக ஒன்று. எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொரு டெலிவரிக்கும் இதைச் சொல்லி அனுப்புகிறேன். மேடை நிகழ்ச்சி என்றால் குத்துவிளக்கு ஏற்றுவோம், அதைப் பேக்டிராப்பை ஒட்டி வைத்தால்தான் போட்டோவில் நன்றாக வரும் என்று கேமராக்காரர் நகர்த்திவிடுவார். தனியாகத் தீத்தடுப்பு ஏற்றாத பாலியஸ்டர் தீப்பட்டால் உருகி, எரிகிற சொட்டாக விழும். அந்தச் சொட்டு தோலில் ஒட்டினால் உதறினாலும் போகாது. பட்டுப்புடவையோடு விளக்கேற்ற நிற்பவர்கள் அதன் கீழேதான் நிற்கிறார்கள். தீத்தடுப்பு ஏற்றிய துணி கிடைக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல், கேட்டு வாங்குங்கள். எந்தத் துணியானாலும் விளக்கை மேடையின் முன்பக்க ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கேமராக்காரரைக் கீழே இறங்கி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.