ரெக்கார்டு அவருது, கால் எலும்பு உங்களுது

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு புதன்கிழமை சாயங்காலம் கிளினிக் மூடுற நேரத்துக்கு ஒருத்தர் வந்தார். யாருன்னு தெரியாம இருக்க சில விவரத்தை மாத்தித்தான் எழுதுறேன். நாப்பது தாண்டின ஆளு, இங்க சிங்கப்பூர்ல ஷிப்யார்டுல சூப்பர்வைசர், கூடவே மனைவி. உள்ள வந்து உக்காரல, அதுக்குள்ள "மேடம், மூணு வாரத்துல ரேஸ் இருக்கு, 100 கிலோமீட்டர், நல்லா டேப் மட்டும் ஒட்டி விட்டுடுங்க போதும்"னார். பின்னாடியே அவங்க, "டேப்பாம் டேப்பு, ராத்திரி பாத்ரூம் போக செவுத்தப் பிடிச்சிக்கிட்டுப் போறாரு, அதையும் சொல்லச் சொல்லுங்க மேடம்".

முழங்காலுக்குக் கீழ முன் எலும்பு இருக்கு பாருங்க, அதோட உள்பக்க ஓரத்தை கட்டைவிரலால மேலேருந்து கீழ அழுத்திக்கிட்டே வந்தேன். ஓடுறவங்களுக்கு வர்ற சாதாரண முன்கால் வலி, ஷின் ஸ்பிளிண்ட்டுன்னா ஒரு சாண் நீளத்துக்கு அங்கங்க வலிக்கும், "ஆமா இங்கயும், இங்கயும்"னு சொல்லுவாங்க. இவருக்கு அப்படி இல்ல, எல்லா இடமும் சும்மா இருக்கு, பத்து காசு அகலத்துல ஒரே ஒரு இடத்துல விரல் பட்டதும் கட்டில் விளிம்பைப் பிடிச்சிட்டார். எந்திரிச்சு அந்தக் கால்ல மட்டும் ஒரு குதி குதிங்கன்னேன். குதிக்கல, சிரிச்சார். எனக்கு அதுவே பதில். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரா, அதாவது திரும்பத் திரும்ப அடி வாங்கி எலும்புல விழுந்த சின்ன விரிசலா இருக்கும்னு சந்தேகம், டாக்டருக்கு லெட்டர் எழுதி எம்ஆர்ஐக்கு அனுப்பினேன், சந்தேகப்பட்டபடியே தான் வந்துச்சு.

ஏன் இந்த அவசரம்னு கேட்டேன். போனை எடுத்து அவங்க ரன்னிங் குரூப்புல வந்த ஒரு மெசேஜைக் காட்டினார். 24 மணி நேரத்துல 319 கிலோமீட்டர், நாப்பது வயசு, வெயிட் குறைக்க ஓட ஆரம்பிச்ச ஆளு, "உன்னால முடியாதா?"ன்னு கீழ ஒரு வரி, மூணு நெருப்பு படம்.

அந்த மெசேஜ்ல பொய் எதுவும் இல்லைங்க, அதான் பிரச்சினையே. லிதுவேனியாக்காரர் அலெக்சாண்டர் சொரோகின், 2022 செப்டம்பர்ல இத்தாலியில வெரோனாவுல 24 மணி நேரத்துல 319.614 கிலோமீட்டர் ஓடினார், உலக ரெக்கார்டு. கணக்குப் போட்டா ஒரு கிலோமீட்டருக்கு நாலரை நிமிஷம் வருது. நம்ம ஊர் ஆம்பளைங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும்னா, என்எஸ், அதாவது தேசிய சேவையில வைக்கிற உடற்தகுதிச் சோதனை ஐபிபிடியில 2.4 கிலோமீட்டரை 10 நிமிஷம் 48 செகண்டுல முடிக்கிறீங்க, முடிச்சிட்டு தரையில படுக்காம அப்படியே இன்னொன்னு, இன்னொன்னு, மொத்தம் 133 தடவை. உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல ஆரம்பிச்சா மறுநாள் அதே நேரம் கோலாலம்பூரை நெருங்கிடுவீங்க. கேக்கவே எனக்கு மயிர்க்கூச்செறியுது, அதை மறைக்க விரும்பல.

ஆனா மெசேஜ்ல விட்டுப்போனது என்னன்னா, அவர் ஓட ஆரம்பிச்சது 2013, அதுக்கு முன்னாடி சின்ன வயசுல கயாக் துடுப்பு போட்ட ஸ்போர்ட்ஸ்மேன். கிரீஸ்காரர் யானிஸ் கூரோஸ் 1997ல அடிலெய்டுல போட்ட 303.506ஐ உடைக்க அவருக்கு 2021 ஆச்சு. அதாவது ஓட ஆரம்பிச்சு எட்டு வருஷம், அந்த ரெக்கார்டு அதுவரைக்கும் 24 வருஷம் நின்னுச்சு. நம்ம ஆளு ஓட ஆரம்பிச்சு எவ்வளவு நாள்னு கேட்டேன், பதினொரு மாசம். அதுலயும் கடைசி ரெண்டு மாசத்துல வாரத்துக்கு 40 கிலோமீட்டர்லேருந்து 90க்குப் போயிருக்கார். இதயமும் நுரையீரலும் சில வாரத்துலயே பழகிடும், தசை கொஞ்சம் லேட்டா பழகும், எலும்பும் தசைநாரும் மாசக்கணக்குல எடுத்துக்கும். மூச்சு வாங்கல, அதனால ரெடின்னு ஆளு நினைச்சிக்கிறாரு, எலும்பு உள்ள இன்னும் பழசை இடிச்சிட்டு புதுசு கட்டாம நிக்குது.

நம்ம தைப்பூசத்தை எடுத்துக்குங்க. பக்கத்து வீட்டு அண்ணன் அலகுக் காவடி எடுத்தாருன்னு பாத்துட்டு மறுநாளே யாரும் பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் கிளம்புறதில்ல. விரதம் இருக்கணும், உடம்பையும் மனசையும் பக்குவப்படுத்தணும்னு சின்னப் புள்ளைக்கே தெரியும். ஓட்டத்துக்கு மட்டும் அந்த விரதம் வேணாம்னு யார் சொன்னாங்கன்னு எனக்குப் புரியல.

1983ல ஆஸ்திரேலியாவுல கிளிஃப் யங்னு ஒரு உருளைக்கிழங்கு விவசாயி, வயசு 61, சிட்னியிலேருந்து மெல்பர்னுக்கு 875 கிலோமீட்டர் ரேஸுல ஜெயிச்சார், அஞ்சு நாள் 15 மணி நேரம். அந்தக் கதையும் குரூப்புல "வயசு ஒரு தடையே இல்ல"ன்னு சுத்துது. அவர் சின்ன வயசுலேருந்தே மேட்டுலயும் பள்ளத்துலயும் ஆட்டை விரட்டி ஓடினவரு, அவரோட ட்ரெய்னிங் அம்பது வருஷம், அதை எந்த ஆப்பும் எண்ணல அவ்வளவு தான். அதே மாதிரி 2024ல அமெரிக்காவுல பார்க்லி ரேஸை முடிச்ச முதல் பொண்ணு, ஜாஸ்மின் பாரிஸ், கால்நடை டாக்டர், 60 மணி நேர கெடுவுல 99 செகண்டு மிச்சம் வச்சு கேட்டைத் தொட்டுட்டு அப்படியே சரிஞ்சாங்க. அந்த ஃபோட்டோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. 2022லயும் 2023லயும் அதே இடத்துக்குப் போய் முடிக்க முடியாம திரும்பினதை யாரும் ஃபார்வர்ட் பண்ணல.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன், இதைத்தான் எழுதணும்னு உக்காந்தேன். நம்மளோடது ஈரமான சூடு. வேர்வை ஆவியானா தான் உடம்பு குளிரும், இங்க அது ஆவியாகாம முழங்கையிலேருந்து சொட்டும். வெயில் இல்லைன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குல ஓடுறாங்க, சரி, ஆனா விடியறதுக்கு முன்னாடி காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுறது இங்க சகஜம். வெயிலுக்குத் தப்பிச்சு ஸ்டீம்ல மாட்டின கதை. அதனால தான் வெறும் டெம்பரேச்சரைப் பாக்காம, ஈரப்பதம், வெயில், காத்து எல்லாம் சேத்து அளக்குற டபிள்யூபிஜிடின்னு ஒன்னு வச்சிருக்காங்க, என்எஸ் போனவங்களுக்கு நல்லாவே தெரியும். அரசாங்கத்தோட மைஎன்வி ஆப்லயே பாக்கலாம், 31க்கு மேல போனா மிதமான ஹீட் ஸ்ட்ரெஸ், 33 ஆச்சுன்னா ஹை. குளிர் ஊர்லேருந்து வேலைக்கு வந்தவங்களோ, ரெண்டு மாசம் ஏர்கான்லயே கிடந்தவங்களோ, கொஞ்சம் கொஞ்சமா பழக பத்து பதினாலு நாளாவது குடுங்க. ஓடும்போது ஒருத்தர் உளற ஆரம்பிச்சா, தள்ளாடினா, "ரெஸ்ட் எடு சரியாயிடும்"னு விட்டுடாதீங்க, ஹீட் ஸ்ட்ரோக்குல முதல்ல உடம்பைக் குளிர வைக்கணும், ஐஸ் தண்ணியோ பைப் தண்ணியோ எது கிடைக்குதோ அது, ஆம்புலன்ஸுக்கு, 995க்கு போன் பண்ணிக்கிட்டே.

தண்ணி விஷயம் இன்னும் குழப்பமானது. சில வருஷம் முன்னாடி ஒரு ரேஸுல மெடிக்கல் டெண்ட்ல வாலண்டியரா இருந்தேன், ஒரு பையனைக் கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க, தலைவலி, வாந்தி, கேட்ட கேள்விக்கு சம்பந்தமில்லாத பதில். கூட வந்தவர் பாவம், டீஹைட்ரேஷன்னு நினைச்சு வழி முழுக்க தண்ணி ஊத்திக்கிட்டே வந்திருக்கார். நான் கையைப் பிடிச்சப்ப அவன் மோதிரம் கண்ணுல பட்டுச்சு, விரல் வீங்கி மோதிரம் சதைக்குள்ள பதிஞ்சு கிடக்கு, வாட்ச் வாரும் அப்படியே தடம் போட்டிருக்கு. டாக்டரைக் கூப்பிட்டேன், அவர் வந்து முதல் வேலையா கையிலிருந்த பாட்டிலைத்தான் வாங்கி வச்சார். சோடியம் ரொம்ப இறங்கிப் போச்சு. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் தாகம் இருக்கோ இல்லையோ ரெண்டு கப்பு குடிச்சிருக்கான், கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரமா. ரத்தத்துல உப்பு நீர்த்துப்போனா மூளை வீங்கும், உயிரே போகலாம். அரிதுன்னு நினைக்காதீங்க, 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரை டெஸ்ட் பண்ணினதுல 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்துச்சு, அது வெறும் 42 கிலோமீட்டர் ரேஸ். நம்ம ஊர்ல என்எஸ்ல வாட்டர் பரேடு, அதாவது எல்லாரும் ஒன்னா நின்னு தண்ணி குடிக்கிறது, பண்ணிப் பழகினதால "குடிச்சிக்கிட்டே இரு"ங்கிறது ரத்தத்துலயே ஊறிடுச்சு. அங்க அதுக்கு ஒரு காரணம் இருக்கு, மெதுவா 12 மணி நேரம் ஓடுறவருக்கு அது பொருந்தாது. தாகத்துக்குக் குடிங்க. ஐசோடானிக் டிரிங்க் குடிச்சா சேஃபுன்னும் நினைக்காதீங்க, அதுலயும் முக்காவாசிக்கு மேல தண்ணி தான், அளவுக்கு மீறினா அதுவும் அதே வேலையைத்தான் காட்டும். ரேஸ் முடிச்சப்ப ஆரம்பிச்சதை விட வெயிட் ஏறியிருந்தா அது நல்ல சகுனம் இல்ல.

அப்புறம் பெயின் கில்லர். நம்ம ஷிப்யார்டு அண்ணன் பையிலயும் இருந்துச்சு, ரெண்டு அட்டை ஐபுப்ரோஃபென், "லாங் ரன்னுக்கு முன்னாடியே ஒன்னு போட்டுக்குவேன் மேடம்". எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு, சொல்லிட்டேன். மணிக்கணக்கா ஓடும்போது சிறுநீரகத்துக்குப் போற ரத்தம் ஏற்கனவே குறையும், இந்த வகை மாத்திரை இன்னும் குறைக்கும், அதுக்கு மேல உடைஞ்ச தசையிலேருந்து வர்ற புரதம் வேற போய் அடைக்கும். 2017ல வெளிவந்த ஒரு ஆய்வுல 80 கிலோமீட்டர் ஓடினவங்கள்ல பாதிப்பேருக்கு ஐபுப்ரோஃபென், பாதிப்பேருக்கு டம்மி மாத்திரை குடுத்துப் பாத்தாங்க, சிறுநீரகம் அடிவாங்கினது மாத்திரை போட்டவங்க பக்கத்துல தான் அதிகம். ரேஸுக்கு அப்புறம் யூரின் கோப்பி ஓ, அதான் பால் கலக்காத காபி கலர்ல வந்தா, இல்ல வராமயே போனா, கூகுள் பண்ணிக்கிட்டு உக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, ஏ அண்ட் ஈக்குப் போங்க. வலியை மறைக்கிற மாத்திரை போட்டு ஓடினதால தான் அந்த பத்து காசு இடம் அவருக்கு ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தது கேக்கல.

நிறுத்துறது அவமானம்னு ஒரு நினைப்பு இருக்குல்ல, அதுக்கு நான் பேக்யார்டு அல்ட்ரா பத்தி சொல்லுவேன். ஒவ்வொரு மணி நேரமும் 6.7 கிலோமீட்டர் சொச்சம் ஒரு ரவுண்டு, கடைசி ஆள் மிஞ்சுற வரைக்கும். 2023 அக்டோபர்ல ஹார்வி லூயிஸ்னு ஒரு ஸ்கூல் டீச்சர் 108 ரவுண்டு ஓடி அப்போதைய உலக ரெக்கார்டு போட்டார் (108ன்னதும் எனக்கு தேங்காய் உடைக்கிறது தான் ஞாபகம் வந்துச்சு), அதுக்கப்புறம் அதையும் தாண்டிட்டாங்க. அதுல 107 ரவுண்டு ஓடி நின்ன ஈஹோர் வெரிஸ் பேருக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கும் தெரியுமா? ரேஸை முடிக்காதவர்னு. நாலரை நாள் சரியா தூங்காம ஓடின மனுஷன். ஜெயிச்ச ஒருத்தரைத் தவிர அங்க எல்லாருமே நிறுத்தினவங்க தான். இதைச் சொன்னப்ப தான் நம்ம ஆளு முதல் தடவையா நிமிர்ந்து பாத்தார்.

ரேஸை விட்டுட்டார், சண்டை போட்டுத்தான். "எண்ட்ரி ஃபீ போச்சே மேடம்"னு ரெண்டு வாரம் புலம்பினார். அவங்க வீட்டுக்காரம்மா தான் சும்மா இருக்காம ஆர்கனைசர்கிட்ட பேசி வாட்டர் ஸ்டேஷன்ல வாலண்டியரா சேத்து விட்டிருக்காங்க. ரேஸ் அன்னிக்கு விடிகாலை மூணே முக்காலுக்கு எனக்கு ஒரு மெசேஜ். "மேடம் ஒருத்தர் வாந்தி எடுத்தார், மோதிரம் டைட்டா இருக்கான்னு கேட்டேன், ஆமான்னார், தண்ணி குடுக்கல, மெடிக்கல் டெண்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விட்டேன், சரிதானே?"

சரிதான்னு போட்டேன். போட்டுட்டு, நீங்க எத்தனை மணிலேருந்து நின்னுக்கிட்டிருக்கீங்கன்னு கேட்டேன். பதில் வர பத்து நிமிஷம் ஆச்சு. "இப்ப தான் ஸ்டூல் எடுத்தேன் மேடம்."