இரண்டு புள்ளி இருந்தால் கோடு கிடைத்துவிடும்

தாத்தாவின் கடிதங்கள், பாட்டி பேசிய ஒலிப்பதிவு, நான்கு தலைமுறை வம்சாவளிப் பட்டியல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றிவிட்டாராம் ஒரு வாசகர். பென்டிரைவிலும் ஒரு பிரதி இருக்கிறதாம். "இது போதுமா? கிளவுடில் இருக்கும் டிஸ்க்கே கெட்டுப்போனால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விதான் சுவையானது, அதிலிருந்து தொடங்குகிறேன். கிளவுட் என்பதும் ஏதோ ஒரு கட்டடத்தில் ஓடும் டிஸ்க்குகள்தான். ஆயிரக்கணக்கில் ஓடும்போது ஒன்றிரண்டு செத்துக்கொண்டேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி எடுத்து வைக்கலாம், ஆனால் இடம் மூன்று மடங்கு ஆகும். பல நிறுவனங்கள் இதற்கு ஒரு கணக்கைப் பயன்படுத்துகின்றன.

உங்கள் கோப்பு 7, 10 என்ற இரண்டே எண்கள் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தாளில் முதல் இடத்தில் 7 உயரத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாம் இடத்தில் 10 உயரத்துக்கு ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டு, அதை அப்படியே நீட்டுங்கள். மூன்றாம் இடத்தில் 13, நான்காம் இடத்தில் 16. இப்போது நான்கு எண்களையும் நான்கு டிஸ்க்கில் வையுங்கள். நடுவில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் செத்துவிட்டன, 7ம் 16ம்தான் மிச்சம். மூன்று படியில் 9 ஏறியிருக்கிறது, அப்படியென்றால் படிக்கு 3. தொலைந்த 10 திரும்பி வந்துவிட்டது! எந்த இரண்டு போனாலும் இதே கதைதான். இன்னொரு வேடிக்கை: டிஸ்க் எதுவும் சாகவில்லை, ஆனால் 16 மட்டும் எப்படியோ 20 ஆகிவிட்டது. மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்க, இது மட்டும் விலகி நிற்கும். பொய் சொல்வது யார் என்பதும் தெரிந்துவிடுகிறது.

நிஜத்தில் கோட்டுக்குப் பதில் வளைகோடு. கோப்பைப் பத்துத் துண்டாக்கி, வளைகோட்டை நீட்டி இன்னும் நான்கு புள்ளி எடுத்தால் பதினான்கு டிஸ்க். அதில் எந்தப் பத்து உயிரோடு இருந்தாலும் கோப்பு முழுதாக வரும். 10 ஜிபிக்கு 14 ஜிபி இடம் போதும். மூன்று பிரதி என்றால் 30 ஜிபி பிடிக்கும், அதுவும் இரண்டு இழப்பைத்தான் தாங்கும்.

இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1960இல் இதை ஐந்தே பக்கத்தில் எழுதினார்கள். பின்னால் கீறல் விழுந்த சிடி பாடியதும், அழுக்குப் படிந்த க்யூஆர் கோடு ஸ்கேன் ஆவதும் இந்தக் கணக்கால்தான். "உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டுக்கேட்டே ஆய்வு நிதியை வெட்டுகிறவர்களுக்கு அந்த ஐந்து பக்கத்தையும் படிக்கக் கொடுக்க ஆசை.

சரி, அப்போது கிளவுட் மட்டும் போதுமா? போதாது. நீங்கள் கொடுப்பதைத்தான் அந்தக் கணக்கு காப்பாற்றும், அழி என்றால் பதினான்கு துண்டையும் ஒழுங்காக அழிக்கும். போனில் இடமில்லை என்று ஒருமுறை பழைய படங்களை அழித்தேன். போனையும் கிளவுடையும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவு (சிங்க்) என் சொல்லைத் தட்டாமல் கிளவுடிலும் அழித்துவிட்டது. ஒரு மாதம் கழித்துத் தேடினேன், குப்பைத்தொட்டியும் காலியாகியிருந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டிய கோப்பும் இதே வழியில் மேலே போய் நல்ல பிரதியின் மேல் உட்காரலாம்.

அதனால்தான் கணினியோடு எப்போதும் இணைந்திராத ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வேண்டும். பென்டிரைவை நம்பி வருடக்கணக்கில் அலமாரியில் போடாதீர்கள். காந்தம் பட்டால் அழிந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அது வீண் பயம். அதில் இருப்பது காந்தம் இல்லை, சின்னஞ்சிறு சிறைகளில் அடைபட்ட எலக்ட்ரான்கள். அவை மெல்ல மெல்லக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாக.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில் அல்லது கிளவுடில் என்பது பழகிய விதி. வம்சாவளி மென்பொருளிலிருந்து ஜெட்காம் (GEDCOM) என்ற பொது வடிவக் கோப்பையும் எடுத்து வையுங்கள். அது வெறும் எழுத்துக்கோப்பு, அந்த மென்பொருள் மறைந்தாலும் திறக்கும். வருடம் ஒருமுறை ஹார்ட் டிஸ்க்கை இணைத்து நாலைந்து படங்களையாவது திறந்து பாருங்கள். அப்புறம், கிளவுட் கணக்கின் கடவுச்சொல் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்றால், இன்றே வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவிடுங்கள்.