பண்பாடறிந்த செவிலியம்: சொல் விளக்கம்

மருத்துவமனை வார்டில் 'கல்ச்சர் சென்சிட்டிவிட்டி' என்று சொன்னால், சிறுநீரிலோ சீழிலோ உள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் பரிசோதனையே அனைவருக்கும் நினைவுக்கு வரும். செவிலியர் பாடத்தில் வரும் 'கல்ச்சுரலி சென்சிட்டிவ் கேர்' என்னும் தொடரின் பொருள் வேறு. நோயாளியின் மொழி, சமயம், உணவு, உறவுமுறை, நாணம், நம்பிக்கை ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவற்றுக்கு ஊறு நேராமலும் சிகிச்சை குன்றாமலும் பணிவிடை செய்வதை அது குறிக்கிறது. இதனைப் 'பண்பாட்டு உணர்திறன் மிக்க பராமரிப்பு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுகிறார்கள். உணர்திறன் என்பது கருவிக்கும் பரிசோதனைக்கும் பொருந்தும் சொல்; படுக்கையருகே நிற்கும் ஒருவரின் செயலை அது காட்டுவதில்லை. 'பண்பாடறிந்த செவிலியம்' என்பதே தக்க தொடர் என்று கருதுகிறேன்.

'கல்ச்சர்' என்பதன் மூலம் உழுதலைக் குறிக்கும் இலத்தீன் வினைச்சொல். ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்ப்பதற்கும் மக்களின் வாழ்முறைக்கும் ஒரே பெயர் அமைந்தது இதனால்தான். தமிழில் பண்பாடு என்னும் சொல்லும் பண்படுதலோடு, நிலத்தைப் பண்படுத்துவதோடு, உறவுடையது. 'நர்ஸ்' என்பது ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. நம் சங்க அகப்பாடல்களில் வரும் செவிலியும் தலைவியை வளர்த்த தாயே. நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்து கொடுப்பவரைத் திருக்குறள் 'உழைச்செல்வான்' என்று குறிப்பிட்டு, நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு சேர்த்து மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைக்கிறது (950). உழை என்றால் பக்கம். அதற்கு முந்தைய குறள், நோயின் அளவுக்கும் காலத்துக்கும் முன்பாக 'உற்றான் அளவு' கருதப்பட வேண்டும் என்கிறது. உரைகாரர்கள் இதற்கு வயது, உடல்வலிமை போன்றவற்றைப் பொருளாகக் கூறினாலும், நோயுற்றவரை முதலில் பார் என்னும் அந்த வரிசையே இத்தொடருக்கு நம் மொழியில் உள்ள நல்ல அடித்தளம்.

துறைச்சொல்லாக இதனை வளர்த்தவர் அமெரிக்கச் செவிலியரும் மானிடவியல் அறிஞருமான மேடலின் லெய்னிங்கர் (1925–2012). அவர் கையாண்ட 'கல்ச்சுரலி காங்ருவென்ட்' என்பதைப் 'பண்பாட்டுக்கு இசைந்த' என்று தயக்கமின்றித் தமிழாக்கலாம். நோயாளியின் வழக்கத்தை அப்படியே பேணுவது, சிகிச்சையோடு அதனை இணக்கிக்கொள்வது, தீங்கானதை அவரோடு கலந்து மாற்றியமைப்பது என்று செவிலியருக்கு மூன்று வழிகளை அவர் வகுத்தார்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தச் சொல்லுக்குப் பாடநூலைத் தாண்டிய தேவை இருக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். உருது பேசும் குடும்பங்கள் பல. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் உண்டு. கன்னடம் பேசும் பாட்டி 'ஹொட்டெ நோவு' என்றால் நோவு என்ற சொல்லைக் கொண்டே வயிற்றுவலி என்று ஊகித்துவிடலாம். தெலுங்கு பேசுபவர் 'கடுபு நொப்பி' என்னும்போதுதான் கவனம் வேண்டும். தெலுங்கில் கடுபு என்றால் வயிறு. தமிழ்க் காதுக்கு அது 'கடுப்பு' என்று கேட்கும். நீர்க்கடுப்பு என்று குறித்துக்கொண்டால் விசாரணையே வேறு திசையில் போய்விடும். 'கடுபுதோ உந்தி' என்று உடன்வந்த மாமியார் சொன்னால் மருமகள் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். அதை வயிற்று உபாதை என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்ரேக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை எந்தச் செவிலியருக்கும் விளக்க வேண்டியதில்லை. மொழிபெயர்க்கப் பள்ளிப் பிள்ளையை நிறுத்துவதும் சரியன்று. மாதவிடாய், வெள்ளைப்படுதல் போன்றவற்றைத் தன் பிள்ளையின் வாய்வழியாகச் சொல்ல எந்தத் தாயும் கூசுவாள்.

லெய்னிங்கர் சொன்ன மூன்று வழிகளையும் இங்கேயே காணலாம். காய்ச்சலோடு வந்த குழந்தையின் அரைஞாணும் தாயத்தும் ஊசி போடவோ துடைத்துவிடவோ தடையில்லை என்றால் அவை இருக்கட்டும், அது பேணல். ரமலானில் நோன்பிருக்க விரும்பும் சர்க்கரை நோயாளியிடம், நோயுற்றவருக்கு அவரது மார்க்கமே விலக்கு அளித்திருப்பதை மரியாதையோடு நினைவூட்டலாம். அப்படியும் அவர் நோன்பு வைப்பதாக இருந்தால், விடியலுக்கு முன் உண்ணும் ஸஹர் வேளைக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் ஏற்ப மாத்திரையையும் இன்சுலினையும் மருத்துவரிடம் முன்கூட்டியே திருத்தி எழுதி வாங்க வேண்டும். இது இணக்கம். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் வழக்கம் மூன்றாவது வகையைச் சேர்ந்தது. அதனைத் தடுத்தே ஆக வேண்டும். பாட்டியை அதட்டி வெளியே அனுப்பினால், செவிலியர் அப்பால் போனதும் அது நடந்துவிடும். குழந்தையை முதன்முதலாகத் தாயின் மார்பில் சேர்க்கும் உரிமையை அந்தப் பாட்டிக்கே கொடுத்து, சீம்பாலின் நன்மையை அவரிடமே சொல்லும்போது, குழந்தைக்கு நல்ல தொடக்கம் செய்துவைத்த நிறைவு அவருக்குக் கிடைக்கிறது. சர்க்கரைத் தண்ணீரும் தானே விலகுகிறது.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலிருந்து வருபவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பதிவேட்டில் அவர்களது சமூகத்தின் பெயர் 'மலையாளி' என்று இருக்கும். அவர்கள் தமிழ் பேசும் பழங்குடியினர், கேரளத்தவர் அல்லர். பெயரைப் பார்த்து மொழியை முடிவுசெய்துவிட்டு, கேட்காமல் இருப்பதைப் பண்பாடறிதல் என்று சொல்ல முடியாது.

இதனோடு சேர்த்து வழங்கும் மற்றொரு தொடர் 'கல்ச்சுரல் சேஃப்டி'. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தைச் சேர்ந்த செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 1980-களின் இறுதியிலிருந்து இக்கருத்தை வளர்த்தார். 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் கல்வியில் அது இடம்பெற்றது. பணிவிடை தனக்கு இழிவு சேர்க்காமல் அமைந்ததா என்பதைப் பெற்றுக்கொண்டவரே தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்றால் பழமையைக் காக்கும் இயக்கம் போலத் தொனிக்கிறது. 'இழிவுக்கு அஞ்சாமல் பெறும் பணிவிடை' என்று விரித்து எழுதுவது நீளமானாலும் பொருள் பிழைக்காது.

குறிப்பேட்டில் எழுதும்போதும் இதே கவனம் தேவை. 'மொழிப் பிரச்சினை உள்ள நோயாளி' என்று எழுதினால் குறை நோயாளியின் மேல் விழுகிறது. அடுத்த ஷிஃப்ட் செவிலியருக்கும் அதனால் பயனில்லை. 'கன்னடம் பேசுபவர், தமிழ் ஓரளவு புரியும், உடன் தங்கை இருக்கிறார், ஆண் ஊழியர் உடைமாற்றுவதை விரும்பவில்லை' என்று எழுதலாம்.